சுன்னாகமும் அயலும்: பழைய நிழற்படத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு,

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலுள்ள எங்கள் வாசிகசாலை மண்டபத்தின் கூரைத் திருப்பணியும், அதனோடு சேர்த்துப் பொதுக்கூட்டம் எங்களிடம் ஒப்படைத்த பழைய நிழற்படத் தொகுப்பு வேலையும் நிறைவெய்தியுள்ளன. வரவு செலவு விபரம் கணக்காய்வாளரின் கையொப்பத்துடன் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு அங்கத்தவர்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறோம். எனவே இந்த அறிக்கையில் காசுக் கதை குறைவு. என்ன செய்தோம், சில விடயங்களை ஏன் செய்யாமல் விட்டோம் என்பதே இதில் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் கூடுதலான கேள்விகள் வந்திருக்கின்றன.

கூரையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கறையான் தின்ற மரங்களைக் கழற்றிவிட்டு நன்கு காய்ந்த பனஞ்சலாகை போட்டோம். உடைந்த கள்ளிக்கோட்டை ஓடுகளுக்குப் பதிலாக, இடித்த பழைய வீடுகளிலிருந்து அதே அளவு ஓடுகளைத் தேடி வாங்கினோம். புது ஓடே வாங்கியிருக்கலாம் என்றவர்கள் இருக்கிறார்கள். ஓடு தாங்கும் பழைய றீப்பை மரங்களின் இடைவெளிக்கு அது பொருந்தாது என்பதைத் தச்சர் மேலே ஏறி வைத்துக் காட்டினார். செலவில் பெரும்பங்கு இதற்கே போயிற்று. வேலை மாரிக்கு முன் முடிந்துவிட்டதால் கார்த்திகை மழைக்கு ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. ஈரமான கட்டடத்தில் படம் வைப்பது கறையானுக்குப் படையல் வைப்பது போல. ஆதலால் கூரை முடியும்வரை ஒரு படத்தையும் மண்டபத்துக்குள் எடுக்கவில்லை.

இனிப் படங்கள். ஆயிரத்துக்குக் கிட்டியவை சேர்ந்திருக்கின்றன. சுன்னாகம், மயிலணி, கந்தரோடை, ஏழாலை, உடுவில், மருதனார்மடம், மல்லாகம், புன்னாலைக்கட்டுவன் என்று எங்கள் சந்தைக்கு ஆட்கள் வந்துபோகும் ஊர்களெல்லாம் இதில் அடங்கும். தொகுப்பைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, சுவரில் தொங்கிய அந்தப் பெரிய குடும்பப் படங்கள் எங்கே என்பதுதான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரால் எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது காணி உறுதியையும் நகையையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தவர்கள், கண்ணாடி போட்ட பாரமான படங்களை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஆணி இருந்தது. ஆகவே தப்பியவை பெரும்பாலும் கைப்பைக்குள் அடங்கிய சிறிய படங்கள். எங்கள் தொகுப்பில் உள்ளங்கையளவுப் படங்கள் கூடுதலாக இருப்பதற்கும், வீட்டின் முகப்போடு முழுக் குடும்பமும் நிற்கும் படங்கள் அருமையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்த அருமையான பெரிய படங்களில் பல கடல் கடந்து திரும்பி வந்தவை. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களுக்கு ஊரிலிருந்து போன படங்களும், அங்கிருந்து ஊருக்கு வந்த படங்களும் இதிலுண்டு; முதுகில் ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர் ஸ்ரூடியோக்களின் முத்திரை தெரிகிறது. மற்றவை லண்டனிலும் ரொறன்ரோவிலும் அலுமாரிக்குள் கிடந்தவை. அங்குள்ளவர்கள் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி முகம் கரைந்துவிடுகிறது. தயவுசெய்து ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், முடிந்தால் முதுகுப்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள் என்று மீண்டும் கேட்கிறோம்.

மிசன் படங்கள் இன்னொரு வகை. அமெரிக்க மிசனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் பள்ளி தொடங்கினார்கள். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் ஆஸ்பத்திரி. அவர்களுடைய பதிவேடுகளின் பெரும்பகுதி இன்று அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. அவர்கள் எடுத்த படங்கள் துல்லியமானவை, கழுவியதும் ஒழுங்கு, கவனமாக வைத்ததும் ஒழுங்கு. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்து மிசன் படங்கள் பலவற்றின் கீழுள்ள குறிப்பை வாசித்தால் நாற்காலியில் இருக்கும் வெள்ளையருக்கு முழுப்பெயர் உண்டு. பின்னால் நிற்பவர்கள் 'உள்ளூர் உபதேசியார்', 'வேதாகமப் பெண்', 'ஒரு தாதி' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இதைக் கண்டு குழுவில் சிலர் கொதித்தார்கள். பிறகு எங்கள் வீட்டு அல்பங்களைத் திறந்தோம். நிலைமை அங்கும் பெரிதாக வேறில்லை. அதைக் கீழே சொல்கிறோம்.

பராமரிப்பு முறையைப் பற்றி, வீட்டில் படம் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால், கொஞ்சம் விரிவாக. பூஞ்சணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். ஈரம் பட்டால் இளகும், அதோடு முகமும் துணியில் வந்துவிடும். காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு மென்மையான தூரிகையால் தட்டினோம், அவ்வளவுதான். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களைப் பிரிக்க முயலவில்லை. கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுத்தோம். 1980களில் எல்லோரும் ஆசையாக வாங்கிய, பிளாஸ்ரிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற அல்பங்கள்தான் மிகவும் பாடுபடுத்தியவை. அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்வி வைத்திருந்தது. பல்லிடுக்குத் துப்புரவு செய்கிற நூலைப் படத்துக்கும் மட்டைக்கும் நடுவில் விட்டு, மெல்ல மெல்ல அறுத்து எடுத்தோம். அந்தக் காலத்து வர்ணப் படங்கள் பல சிவந்து போயிருப்பதற்கு வீட்டுக்காரர் பொறுப்பல்ல. அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் மிச்சமெல்லாம் சிவப்பாகத் தெரிகிறது. ஒரு தகர டப்பாவைத் திறந்தபோது வினாகிரி மணம் அடித்தது. அது அசற்றேற் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த நெகற்றிவ் கெட்டுப்போவதன் அறிகுறி. மற்றச் சுருள்களுக்கும் பரவாமலிருக்க உடனே பிரித்து வைத்தோம்.

படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவிலும், சிறிய நெகற்றிவ்களை அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் ஸ்கான் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாக வைத்திருக்கிறோம். பிரதிகள் மூன்று, அவற்றில் ஒன்று ஊரில் இல்லை. அதன் தேவையை, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்டவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அசல் படங்கள் எல்லாம் உரியவர்களிடம் திரும்பிப் போய்விட்டன. மண்டபச் சுவரில் இருப்பவை பிரதிகளே. வெளிச்சத்தில் மங்கினால் திரும்ப அடிக்கலாம். சாமியறையில் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்த படங்களை நாங்கள் கழற்றக் கேட்கவில்லை. பொட்டோடும் மாலையோடும் அந்த இடத்திலேயே படம் பிடித்தோம். ஒரு ஆச்சி அதற்கும் முன் விளக்கேற்றிவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்.

காலம் கணிப்பதில் ஊரே இரண்டுபட்டது. சந்திப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சந்தைக்கு முன்னால் ஒரு ஒஸ்ரின் ஏ-40 கார், பக்கத்தில் பஸ், தூக்கிய கடகத்தோடு பெண்கள். காரின் இலக்கத்தகட்டில் 'ஈ.என்.' இருப்பதால் 1957க்கு முந்தியது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது அந்த ஆண்டில்தான். ஆனால் பழைய கார்கள் பழைய தகட்டோடே ஓடின, இப்போதும் ஓடுகின்றன. ஏ-40ஐ வைத்து யாழ்ப்பாணத்தில் காலம் கணித்தால் நேற்று எடுத்த படமும் 1950ஆகிவிடும். வழக்கைத் தீர்த்தது பஸ். அதன் பக்கவாட்டில் தனியார் கொம்பனியின் பெயர் எழுதியிருக்கிறது. 1958 சனவரி 1ஆம் திகதி பஸ்சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்துவிட்டதால், படம் அதற்கு முந்தியது என்று நிச்சயமாக எழுதினோம். புகையிரத நிலையப் படங்களில் இப்படி ஒரு பிடி கிடைக்கவில்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902இலேயே பாதை திறந்துவிட்டது, 1905இல் கொழும்போடு இணைந்தது. நிலக்கரி எஞ்சின் தெரிந்தால் பழைய படம் என்று சொல்லலாம்தான். ஆனால் 1950களில் டீசல் எஞ்சின் வந்த பிறகும் நிலக்கரி எஞ்சின் நெடுநாள் ஓடியது. இருந்தாலும் அந்தப் படங்களுக்குத் தனிச் சுவர் கொடுத்திருக்கிறோம். 1990இல் நின்ற புகையிரதம் 2015 சனவரியில்தான் காங்கேசன்துறைவரை திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போய், மேடை பற்றைக்காடாகக் கிடந்த காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை எங்களிடம் இருக்கிறது.

வேறு உதவிகளும் கிடைத்தன. ஓரம் சிறு அலையாக வெட்டிய படங்கள் பெரும்பாலும் 1940கள், 50கள். முதுகில் 'வெலொக்ஸ்' என்று கொடாக் தாளின் பெயர் விழுந்த சிலவும் அதே காலத்தவை. ஆண்களின் குடுமியும் கடுக்கனும் இன்னும் முந்திய காலத்துக்குக் கொண்டுபோகும். 1964 மார்கழிப் புயலில் வேரோடு சாய்ந்த மரங்களின் படங்களுக்குத் திகதியே தேவைப்படவில்லை. 1974 தையில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்காகத் தோரணம் கட்டிய தெருவும் அப்படியே. கந்தரோடையிலுள்ள பண்டைய பௌத்தத் தூபிகளின் முன் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படம் ஒன்றை, பின்னாலுள்ள வேலியை வைத்து அவ்வூரவர்கள் காலம் சொன்னார்கள். வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே தோண்டியதும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் தோண்டியதும் நூல்களில் உண்டு. ஆனால் எந்த ஆண்டில் யாருடைய ஆடு எந்த வேலியால் உள்ளே போனது என்பது அவர்களுக்கு மட்டும் தெரிந்த வரலாறு.

அச்சுக்கோப்பவர்கள் எழுத்துப் பெட்டிகளுக்கு முன் வரிசையாக நிற்கும் படம் ஒன்றும் உண்டு. நா. பொன்னையா மயிலணியில் நடத்திய திருமகள் அழுத்தகம், அங்கிருந்து 1930 முதல் 1958 வரை வெளிவந்த 'ஈழகேசரி' பத்திரிகை என்பவற்றால் எங்கள் சின்ன ஊருக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. ஆகவே படத்தைக் கண்ட எல்லோரும் அது திருமகள்தான் என்றார்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பெருப்பித்துப் பார்த்தோம். அது வேறொரு ஊர்க் கடையினுடையது. 'அச்சுக்கூடம் ஒன்று' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். இதேபோல் கலியாணப் படத்தின் ஓரத்தில் தவில் தெரிந்தால் போதும், 'உது தெட்சணாமூர்த்தியல்லோ' என்று பெயர்பெற்ற அந்தத் தவில் வித்துவானைச் சொல்வது எங்கள் வழக்கம். இணுவிலும் அளவெட்டியும் அருகில் இருக்கும்போது அந்த ஆசை பிழையில்லை. ஆனால் அந்தப் பந்தல்களில் வாசித்த மற்ற வித்துவான்களுக்கும் பெயர் இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய்க் கேட்டோம். சிலருக்குக் கிடைத்தது.

இனி, வீட்டு அல்பங்களில் நாங்கள் கண்டது. தொகுப்பிலேயே சிறந்த படம் எது என்று கேட்டால் குழு ஒருமனதாகச் சொல்வது ஏழாலைப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் எடுத்த இறைப்புப் படத்தை. கிணற்றில் நீர் இறைக்கும் நெடிய துலா மரத்தின் மேல் இருவர் ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள், கைபிடிக்க ஒன்றுமில்லை. கிணற்று மிதியில் நிற்பவர் நிரம்பி வந்த பட்டையைச் சரித்து வாய்க்காலில் விடுகிறார். தண்ணீர் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகப் புகையிலைக் கன்றுகளுக்குள் போகிறது. அதன் முடிவில் மண்வெட்டியோடு ஒருவர் தண்ணீர் மாறுகிறார். நீரிறைக்கும் இயந்திரம் தோட்டத்துக்குத் தோட்டம் வருவதற்கு முந்திய விடியற்காலை. துலா மிதித்தலைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு அது எப்படி என்று காட்ட இதைவிட வேறு படம் தேவையில்லை. முன்னால் குடையோடு தோட்டக்காரர். முதுகில் மையால் அவருடைய முதலெழுத்துகள், பெயர், பட்டம் எல்லாம். அடுத்த வரியில் 'வேலையாட்கள்'.

இப்படிப் பல. கள் முட்டியோடு பனையடியில் நிற்பவர், பறை கட்டியவர், கலியாண வீட்டில் வெள்ளை கட்டியவர், பந்தலுக்குப் பின்னால் கிடாரம் கிளறியவர்கள். எழுதியிருந்தால் ஒற்றைப் பெயர், அதுவும் 'அன்' விகுதியோடு. எழுபது வயதுக்காரரையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம். இந்தப் படங்களுக்கான பெயர்களைத் தேடியதில்தான் குழுவின் பெரும்பகுதி நேரம் போனது. இறைப்புப் படத்தில் துலாவின் மேல் முன்னால் நடப்பவரை, இன்று சைக்கிள் கடை வைத்திருக்கும் பேரன், தலைப்பாக் கட்டிய விதத்தை வைத்தே அடையாளம் கண்டார். "எங்கட அப்பு. வலப்பக்கம் ஒரு முனை விட்டுத்தான் கட்டுவார்" என்றார். அவர்களுடைய வீட்டில் அவருடைய படம் எதுவும் இருக்கவில்லை. 1972இல் வந்த தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த தபால்தலையளவுப் படம்தான் ஊரில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம். அவர் அதற்கும் முந்தியே காலமாகிவிட்டார். பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அந்தச் செலவு கணக்கில் 'ஏனையவை' என்பதன் கீழ் இருக்கிறது.

மண்டபத்தில் எல்லாப் படத்தின் கீழும் ஒரே ஒழுங்கு: தகப்பன் பெயரின் முதலெழுத்து, முழுப்பெயர், ஊர், தெரிந்தால் தொழில். எல்லோருக்கும் ஒரே எழுத்தளவு. யார் இருக்கிறார், யார் நிற்கிறார் என்பதல்ல, இடமிருந்து வலம் என்பதே வரிசை. 'அப்படி எழுதும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை' என்று ஒரு கடிதம் வந்தது. இந்த மண்டபத்தில் இனி அதுதான் வழக்கம் என்று பதில் எழுதினோம். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக் கேட்டு நின்ற மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் அங்கத்தவர்களில் இருக்கிறார்கள். மேலும் விளக்கம் வேண்டுபவர்கள் அவர்களோடு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

இதோடு சேர்ந்ததுதான் உபயக்காரர் விடயம். மின்விசிறியின் இறக்கையில்கூட 'உபயம்' எழுதுகிற ஆட்கள் நாங்கள். சட்டங்களில் நன்கொடையாளர் பெயர் போடவில்லை என்ற மனவருத்தம் காதுக்கு வந்தது. படத்துக்குக் கீழே படத்திலுள்ளவரின் பெயர் மட்டும்தான் இருக்கலாம் என்பது குழுவின் முடிவு. நன்கொடையாளர் அனைவருடைய பெயரும் தொகையும் கணக்கறிக்கையில் முழுமையாக உள்ளன. மனமார்ந்த நன்றி.

தொங்கவிடாத படங்களைப் பற்றி. பிரேதத்தைச் சுற்றிக் குடும்பமாக நின்று எடுத்த படங்கள் நிறைய வந்தன. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் எடுத்தார்கள், பலருக்கு உறவுகள் எல்லோரும் ஒன்றாக நின்ற ஒரே படமும் அதுதான். அவற்றைப் பிரதி எடுத்துப் பெயர்களைப் பதிந்து லாச்சியில் வைத்திருக்கிறோம். உறவினர் கேட்டால் காட்டுவோம். சாமத்தியச் சடங்குப் படங்களுக்கு வீட்டாரிடமல்ல, படத்திலுள்ள பெண்ணிடமே அனுமதி கேட்டோம். அவர்கள் இப்போது அம்மம்மாமார். சிலர் சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள். வேண்டாம் என்றவர்களிடம் காரணம் கேட்கவில்லை.

கத்தரிக்கோலால் ஒரு முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்ட வகுப்புப் படங்கள் வந்தன. இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடிய காலத்தில், இயக்கத்துக்குப் போன பொடியனின் படம் வீட்டில் அகப்பட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்று தாய்மாரே வெட்டியவை. இன்னொரு வீட்டில் இருந்த அதே வகுப்புப் படத்திலிருந்து அந்த முகத்தை எடுத்துக் கணினியில் நிரப்பித் தரலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். குழு அதற்கு உடன்படவில்லை. முழுப்படம் வேண்டிய தாய்க்கு மற்ற வீட்டுப் படத்தின் பிரதியைத் தனியாகக் கொடுத்தோம். வெட்டிய படம் வெட்டியபடியே பதிவில் இருக்கிறது. அவை எவையும் சுவரில் இல்லை. யாருடையவை என்பதும் இந்த அறிக்கையில் இல்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கைத்தொலைபேசியில் வர்ணம் போடுவதைப் பற்றியும் நீண்ட விவாதம் நடந்தது. பரீட்சார்த்தமாக ஒரு கலியாணப் படத்துக்குப் போட்டுப் பார்த்தோம். கூறைச்சேலை நீலமாக வந்தது. மணப்பெண் இன்றும் எங்களோடு இருக்கிறார், "அரக்கு, தம்பி. நீலத்தில ஆர் கூறை எடுக்கிறது?" என்று கேட்டார். வர்ணம் போடும் யோசனை அன்றோடு முடிந்தது. ஸ்ரூடியோக்காரர் அந்தக் காலத்திலேயே தூரிகையால் கன்னத்துக்கும் நகைக்கும் சாயம் தீட்டிய படங்களை அப்படியே வைத்திருக்கிறோம், அது அவருடைய கைவேலை.

இன்னும் பெயர் தெரியாதவர்களுடைய படங்கள் தடித்த நீலக் கோப்பில் மேசைமேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெறும் தாள் உண்டு. தெரிந்ததைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை வேண்டாம். ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்காமல், தன் கருத்தைக் கீழே எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருபவர்கள் தாய் தகப்பனையும் கூட்டிவந்தால் நல்லது. நடக்க ஏலாதவர்களின் வீட்டுக்குக் கோப்பைக் கொண்டுவர இளைஞர்கள் ஆயத்தம், தலைவரிடம் சொல்லுங்கள். தங்கள் வீட்டுப் படம் சுவரில் இருப்பதை விரும்பாதவர்கள் எந்த நேரமும் சொல்லலாம், அன்றே இறக்குவோம்.

வருகிற பொதுக்கூட்டம் ஒரு விடயத்தைத் தீர்மானிக்க வேண்டும். கையிருப்பில் மிஞ்சியிருக்கும் பணத்தில் நெகற்றிவ்களுக்கு ஈரம் புகாத இரும்பு அலுமாரி வாங்குவதா, அல்லது மூடிய ஸ்ரூடியோ ஒன்றின் கண்ணாடித் தட்டுகளை அதன் வாரிசுகள் தர இசைந்திருப்பதால் முதலில் அவற்றை எடுத்துவந்து துப்புரவு செய்வதா என்பது. குழுவின் விருப்பம் கண்ணாடித் தட்டுகள். அவை இப்போது ஒரு கோழிக்கூட்டின் மேல் அடுக்கியிருக்கின்றன.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்